புதுக்குப்புறம்

சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பயில்வோர், 'புறம்' என முடியும் சொற்கள் பலவற்றை அவற்றில் காண்பர். கோயிலில் விளக்கெரிப்பதற்கென விடப்பட்ட நிலம் விளக்குப்புறம். பூந்தோட்டத்தைப் பேணுதற்கு விடப்பட்டது திருநந்தவனப்புறம். மடத்தின் செலவுக்கு விடப்பட்டது மடப்புறம். இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றொரு சொல் புதுக்குப்புறம் என்பது. கோயில், மண்டபம் முதலியன பழுதுற்றபொழுது அவற்றைப் புதுக்குதற்கென்றே ஒதுக்கி வைத்த நிலம் என்பது இதன் பொருள். அந்நிலத்தின் விளைவை வேறொரு செலவுக்கு எடுத்தல் முறையாகாது. விளக்கும் பூவும் நாள்தோறும் வேண்டப்படுவன. ஆதலின் அவற்றை மறப்பவர் இலர். கட்டடத்தின் பழுதோ நாள்தோறும் கண்ணுக்குத் தெரிவதன்று. கண்ணுக்குத் தெரியாத அச்செலவுக்கும் ஒரு நிலத்தைத் தனியே பிரித்து, அதற்கொரு பெயரும் இட்டு வைத்தனரே, அதுவே வியத்தற்குரியது.

பழங்காலத்து அறக்கொடைகளில் ஒரு நெறி ஊடுருவி நிற்றலைக் காணலாம். ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை ஒருவர் அளிப்பார். அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' எனக் கல்வெட்டுகள் குறிக்கும். ஆடு சாவாதோ, மூவாதோ எனின், தனி ஆடு சாகும், மூக்கும், மந்தை குறையாது. குட்டிகளைக் கொண்டு இடையர் எண்ணிக்கையை நிரப்பி வருவர். நெய் மட்டும் கோயிலுக்குச் செல்லும். பொன்னை ஊர்ச்சபையாரிடம் ஒப்படைத்து, முதல் அழியாமல் பலிசை கொண்டு அறம் நடத்தியதும் இவ்வாறே. பலிசை என்பது வட்டி. முதலை உண்ணாமல் அதன் பயனை மட்டும் கொள்ளுதல் என்னும் இந்நெறியே புதுக்குப்புறத்திற்கும் அடிப்படையாகும்.

சிற்றூர்களில் உள்ள பழைய கட்டடங்கள் அழிவது பகைவர் படையெடுப்பால் அன்று. பெரும்பாலும் ஓர் அரசங்கன்றால். பறவையின் எச்சத்தோடு விழுந்த விதை விமானத்தின் இடுக்கில் முளைக்கின்றது. முதலாண்டில் அதனை ஒரு சிறுவன் இரு விரலால் பிடுங்கிவிடலாம். பிடுங்குவாரில்லையேல், வேர் கற்களின் இணைப்பில் புகுந்து பருக்கத் தொடங்குகின்றது. பின்னர் எவரேனும் ஏறி மேலே தெரியும் கிளையை மட்டும் வெட்டுவர். வெட்டுந்தோறும் வேர் வலுப்பெறும். மேல்தளத்து நீர் வழியும் தூம்புகளில் சருகு அடைத்துக்கொண்டால், மழைநீர் தளத்திலேயே தேங்கிக் காரையை ஊறச்செய்து கருவறைக்குள் கசிகின்றது. சுற்றிலும் தெருவின் தரை ஆண்டுக்காண்டு உயர, கோயில் பள்ளத்தில் அமிழ்ந்ததுபோல் ஆகி, அடித்தளத்தில் ஈரம் ஏறுகின்றது. இவையெல்லாம் தொடக்கத்தில் சில நூறு ரூபாயில் தீரக்கூடியவை. பத்திருபது ஆண்டுகள் கழியின் பல இலட்சங்களுக்கும் அடங்காதவை.

பழுதுற்ற கோயில்களைப் புதுக்கியோருள் தலைசிறந்தவர் செம்பியன் மாதேவியார் ஆவர். கண்டராதித்த சோழரின் தேவியாராகிய இவர், இளமையிலேயே கணவரை இழந்தவர். தம் மைந்தர் உத்தம சோழர் காலத்தும், அவருக்குப்பின் முதலாம் இராசராசர் காலத்தும் வாழ்ந்தவர். காவிரிக் கரையூர்களில் செங்கல்லால் ஆகிய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கியது இவர்தம் வாழ்நாட் பணி. கும்பகோணத்தையடுத்த கோனேரிராசபுரத்தில் உள்ள திருநல்லம் கோயிலைத் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார்.

இவர் செய்த திருப்பணிகளுள் திருக்கோடிகாவில் நிகழ்ந்தது தனியே எண்ணத்தக்கது. அவ்வூர்க் கோயிலைக் கல்லால் எடுக்க முற்பட்டபொழுது, பழைய கல்வெட்டுகள் பொறித்த கற்கள் அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடந்தன. அவற்றுள் பல்லவர் காலத்து ஆவணங்களும் இருந்தன. யாரோ ஒருவர் விளக்குக்கு வைத்த பொன், எவரோ விட்ட நிலம் முதலியவற்றைக் கூறும் எழுத்துகள் அவை. அளித்தோரும் இல்லை, அவர் குடிவழியினர் உளரோ என்பதும் ஐயமே. ஆயினும் அக்கற்களில் இருந்தவற்றைப் படித்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தனர். அவ்வாறு பொறித்தவற்றின் தொடக்கத்தில், இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்னும் குறிப்பும் இடம்பெற்றது. 'பழங்கற்படி' என்னும் அச்சொல் இன்றும் திருக்கோடிகாச் சுவரில் உள்ளது. பெருஞ்செல்வமும் அரச ஆணையும் கையில் உடையார் ஒருவர், பிறர் செய்த சிற்றறங்களின் கணக்கைத் துடைத்துவிட்டுத் தம் பெயர் ஒன்றையே எழுதியிருத்தலும் கூடும். அங்ஙனம் செய்யாமை அவர்தம் பெருமை.

கொடை அளித்தோர், கொடையைக் காட்டிலும் அதனைக் காப்பவரையே பெரிதாக மதித்தனர். பிற்காலத்தில் இந்த அறத்தைக் காப்பவர் எவரோ, அவருடைய திருவடிகள் தம் தலைமேல் இருக்கத் தகுவன என்று கல்வெட்டுகளின் இறுதியில் கொடையாளர் கூறுவர். அரசரும் இங்ஙனம் கூறினர். ஆடு வைத்த இடையரும் கூறினர். இன்னும் பிறவாத ஒருவரை நோக்கிச் செய்த வணக்கம் அது.

அந்நிலங்கள் பின்னர் என்னவாயின? அரசுகள் மாறின, சபைகள் மறைந்தன, நிலத்தின் எல்லை கூறும் கல் சுவரில் இருக்க, நிலம் பிறர் கைக்கு மாறியது. ஆங்கிலக் கும்பினியார் ஆட்சியில், 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றுக்கும் பிற பொதுக் காரியங்களுக்கும் விடப்பட்ட மானிய நிலங்களின் வருவாய் உரிய செலவுக்கே செல்லுமாறு கண்காணிக்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திற்கு அளித்தது. பாலம், சத்திரம் முதலிய பொதுக் கட்டடங்களின் பராமரிப்பும் பழுதுபார்ப்பும் அவ்விதியில் சேர்க்கப்பட்டன. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு சமய நிலையங்களின் மேற்பார்வையினின்றும் விலகிக்கொண்டது. கேட்பாரற்ற அறுபது ஆண்டுகளில் நிகழ்ந்த இழப்பு சிறிதன்று. 1925ஆம் ஆண்டில் அறநிலைய வாரியம் தோன்றிற்று. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது அரசுத் துறையாயிற்று. இப்பொழுது நடைமுறையில் உள்ளது 1959ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் சட்டம்.

இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் 36,000க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றின் ஆண்டு வருவாய் ரூ.10,000ஐயும் எட்டாது. பழநியையும் திருச்செந்தூரையும் கண்டு கோயில்கள் யாவும் செல்வமுடையன என்று கருதுவோர் இக்கணக்கினை அறிதல் நலம். வருவாயில்லாத கோயிலுக்குத் திருப்பணி செய்யப் பொருள் யாங்ஙனம் வரும்? மேற்கூறிய சட்டத்தின் 97ஆம் பிரிவு அதற்கு ஒரு வழி காட்டுகின்றது. செல்வமுடைய கோயில்கள் தம் உபரியிலிருந்து அளிக்கும் தொகையைக் கொண்டு பொதுநல நிதி ஒன்று அமைக்கவும், அதனின்றும் எளிய கோயில்களுக்கு உதவவும் அப்பிரிவு இடந்தருகின்றது. ஓரூர் உண்டியல் மற்றோரூர்க் கூரையைக் காக்கின்றது என்னலாம். சிற்றூர்க் கோயில்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளில் உள்ள கோயில்களுக்கும் திருப்பணிக்கெனத் தனி நிதியுதவித் திட்டங்கள் நடைபெறுகின்றன. கோயில் ஒன்றுக்கு ரூ.1 இலட்சமாக இருந்த அவ்வுதவி, பின்னர் ரூ.2 இலட்சமாகவும் அதற்கு மேலும் உயர்த்தப்பட்டது. ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட கோயில்களைப் பழமை மாறாமல் சீரமைப்பதற்கென 2022-23ஆம் ஆண்டில் அரசு ரூ.100 கோடி மானியம் ஒதுக்கியது. அடுத்த ஆண்டுகளிலும் ஒதுக்கீடு தொடர்ந்தது. தேவாலயங்களைப் பழுதுபார்ப்பதற்கும், வக்ஃபு வாரியத்தின் வழியாகப் பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் புதுப்பிப்பதற்கும் அரசின் உதவி உண்டு.

இவற்றோடு ஒருகால பூசைத் திட்டம் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. நாளைக்கு ஒருமுறையேனும் விளக்கேற்றிப் பூசை செய்ய வசதியில்லாத கோயிலின் பெயரால் ஒரு தொகை வைப்பு நிதியாக இடப்படும். அதன் வட்டியைக் கொண்டு பூசை நடைபெறும். 2021ஆம் ஆண்டில் 12,959 கோயில்களுக்கு இவ்வைப்பு நிதி ரூ.1 இலட்சத்திலிருந்து ரூ.2 இலட்சமாக உயர்த்தப்பட்டது. தொண்ணூற்றாறு ஆடுகளின் கணக்கே இது. ஆட்டுக்கு மாறாக வங்கி வந்திருக்கின்றது. பூசை நடக்கும் கோயிலில் கதவு திறக்கப்படும். கதவு திறக்கப்படும் கோயிலில் ஒழுக்கும் அரசங்கன்றும் ஒருவர் கண்ணிலேனும் படும். ஆகவே இத்திட்டம் பூசைக்கு மட்டுமன்றிக் கட்டடத்திற்கும் மறைமுகமான காவலாகும். ஆயினும், பூசைக்கு வைப்பு நிதி இருப்பதுபோல் ஆண்டுதோறும் கூரையைத் துப்புரவு செய்வதற்கென ஒரு வைப்பு நிதி, அதாவது உண்மையான புதுக்குப்புறம், சிற்றூர்க் கோயில்களில் காண்பதற்கு அரிதாகவே உள்ளது. பெருந்தொகை ஒருமுறை வருகின்றது. அதன்பின் பன்னிரண்டாண்டு கழித்து அடுத்த குடமுழுக்கு வரும்வரை எவரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை. குறை இங்கேதான் இருக்கின்றது.

ரூ.2 இலட்சத்தைக் கொண்டு யாது செய்யலாம்? ஓட்டுக்கூரையுடைய அம்மன் கோயிலாயின், கூரை மாற்றிச் சுவரைப் பழுது தீர்த்து வண்ணமும் பூசிவிடலாம். கல்லால் ஆகிய பழங்கோயிலாயின், சரிந்த ஒரு பக்கச் சுவரைப் பிரித்து அடுக்குவதற்கும் அது போதாது. எஞ்சியதை ஊரார் தர வேண்டும். அறுவடை முடிந்த திங்களில் வரி எழுதுவர். வெளியூரில் வாழ்வோர்க்கு மடல் விடுப்பர். சாரம் கட்ட மரம் தருபவர் ஒருவர், வண்டி தருபவர் ஒருவர். ஊரார் கூடி எழுதும் இக்கணக்கே நிதியுதவியின் பாதி வலிமையாகும். தம் கையினின்றும் நூறு ரூபாய் ஈந்தவர், சுண்ணாம்பில் மணல் மிகுந்தால் கேட்பார், ஈயாதவர் கேளார்.

ஆயினும் பொருள் வந்தவிடத்து வேறோர் இடர் தோன்றுகின்றது. இருளடைந்து கிடந்த கோயில் குடமுழுக்கு நாளில் பளபளக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியோர் விரும்புவது இயல்பே. பல்லாண்டு பழுதுற்றுக் கிடந்ததைக் கண்டு வருந்திய உள்ளம் அது. அதனைக் குறைகூறல் தகாது. ஆனால் அவ்விருப்பத்தை விரைவில் நிறைவேற்ற முற்பட்டோர் செய்தவை பல கொடியன. கரியேறிய கற்சுவரைத் துலக்குவதற்கு, காற்றழுத்தப் பொறியால் மணலை வாரி வீசும் முறையைக் கையாண்டனர். அழுக்கு நீங்கியது, அதனோடு கல்லின் மேற்புறமும் நீங்கியது. சிற்பத்தின் மூக்கும் விழியும் மழுங்கின. ஆயிரமாண்டு மழையும் வெயிலும் அழிக்க மாட்டாத எழுத்தை அரைநாள் அழித்தது. பின்னர் இம்முறை தடை செய்யப்பட்டது. தரைக்குப் பளிங்கு ஓடு பதிக்குங்கால் அடித்தளத்துக் கல்வெட்டு மண்ணுக்குள் மறைந்த இடங்களும் உள.

சிமெந்தால் நேரும் தீங்கு இன்னும் நுட்பமானது. சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில் அடிப்பகுதி கல்லாலும் விமானம் செங்கல்லாலும் அமைந்தவை. செங்கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அவ்வீரத்தை வெளிவிடும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று இயைந்தவை. அதன்மேல் சிமெந்தைப் பூசினால் ஈரம் வெளிச்செல்ல வழியின்றி உள்ளே நிற்கும்; உப்பு பூத்துச் செங்கல் பொடியாகும். வெளியே நோக்குவார்க்கு உறுதியான சுவர், உள்ளே மாவு. சில ஆண்டுகளில் அப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, பழைய சுதைவேலையையும் உடன்கொண்டு விழும். புதுக்குதல் வேறு, புதியதொன்று செய்தல் வேறு என்பதனை அறியாமையால் விளைந்த கேடு இது. புதுக்குப்புறம் என்ற சொல்லை ஆக்கியோர் இவ்வேறுபாட்டினை அறிந்தே ஆக்கினர் போலும்.

இக்கேடுகள் குறித்து வழக்குகள் எழுந்தன. 2017ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோவின் குழுவினர், தமிழ்நாட்டுக் கோயில்களில் நிகழும் திருப்பணிகளை நேரிற் கண்டு அறிக்கை அளித்தனர். 2021ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் பழங்கோயில்களையும் நினைவுச் சின்னங்களையும் காத்தல் பற்றி 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. ஊரார் விண்ணப்பமும் பொறியாளர் மதிப்பீடும் மட்டும் போதா. தொல்லியல் அறிந்தோரும் சிற்பநூல் வல்ல தபதியரும் கண்டு இசைந்த பின்னரே கல்லைத் தொட வேண்டும் என்னும் முறை வலுப்பெற்றது. இதனால் காலம் நீள்கின்றது என்று ஊரார் மனங்கசத்தல் உண்டு. ஈராண்டுக் காலத் தாழ்வைப் பொறுக்கலாம். இழந்த கல்வெட்டை எவ்வாண்டிலும் பெற இயலாது.

முறையாகச் செய்தால் நன்மை விளையும் என்பதற்குத் தஞ்சை மாவட்டத்துத் துக்காச்சி சான்றாகும். சோழர் காலத்து ஆபத்சகாயேசுவரர் கோயில் அவ்வூரில் உள்ளது. மிகவும் சிதைந்திருந்த அக்கோயில் பழமை மாறாமல் சீரமைக்கப்பட்டு 2023ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அடுத்த ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்று அதற்கு அறிவிக்கப்பட்டது.

இத்தகைய பணியில் கைவேலை எத்துணை நுண்மையுடையது என்பதனைச் சுண்ணாம்பு ஒன்றைக் கொண்டே அறியலாம். சுட்ட சுண்ணாம்பு நீரிலிட்டு நீற்றப்படுகின்றது. பல நாள் ஊறவிட்டுச் சலித்து எடுத்த அதனோடு மணல் கூட்டிச் செக்கிலிட்டு அரைப்பர். கடுக்காயை இடித்து ஊறவைத்த நீரும், வெல்லம் கரைத்த நீரும் உடன்சேர்க்கப்படும். கடுக்காய் நீர் எத்தனை நாள் ஊற வேண்டும், அரைத்த காரை எப்பொழுது பதம் பெறும் என்பன கொத்தனாரின் விரலுக்குத் தெரியும். பூசிய பின்னும் பல நாள் ஈரம் உலராமல் காத்தல் வேண்டும். சுவரைப் பிரிக்க நேரின், முதலில் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இடுவர், படம் எடுப்பர், வரிசை மாறாமல் தரையில் பரப்பி வைப்பர். எண் அழிந்த ஒரு கல்லுக்கு உரிய இடத்தைக் கண்டறிய ஒரு திங்களும் ஆகலாம். கூலி மிகுவதும் நாள் மிகுவதும் இதனாலேயே. மதிப்பீடு எழுதுவோர் இந்நாள்களையும் கணக்கில் சேர்த்து எழுதல் வேண்டும். சேராவிடின், பணி பாதியில் இருக்கும்பொழுது பொருள் தீர்ந்து, எஞ்சிய பாதியைச் சிமெந்து கொண்டு முடிக்கும் நிலை வந்துவிடும்.

எண்ணிட்டுப் பிரித்தலும் எழுத்தைப் படியெடுத்தலும் இக்காலத்தார் புதிதாகக் கண்டவை அல்ல. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி என்னும் ஊர் உள்ளது. முதலாம் இராசராசர் தம் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது 1013ஆம் ஆண்டளவில், அவ்வூர்க் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்குமாறு ஆணையிட்டார். பிரிப்பதற்கு முன், பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகள் யாவும் ஏட்டில் படியெடுக்கப்பெற்றன. பணி முடியுமுன்னரோ முடிந்த அணிமையிலோ இராசராசர் மறைந்தார். அவர் மைந்தர் இராசேந்திரர் அரசேற்றார். வடபுலம் நோக்கிப் படைகள் சென்றன. கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராயிற்று. இத்தனைக்கும் இடையே அவ்வேட்டினைத் திருமழபாடியில் எவரோ செல்லரிக்காமல் காத்து வந்தனர். அவர் பெயர் தெரியவில்லை. இராசேந்திரரின் பதினான்காம் ஆட்சியாண்டில், ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், ஏட்டிலிருந்த ஆவணங்கள் யாவும் புதிய விமானத்தின் சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன.